திருவிழா அடிதடியில் ஒரு பையன் இறந்துவிட்டான்: கூட நின்றவன் மேலும் கொலை வழக்கா?

செம்மண்:
வணக்கம். ஊர்ப் பெயர், ஆள் பெயர் எதுவும் எழுதவில்லை, தயவுசெய்து கேட்காதீர்கள். பக்கத்து ஊர்த் திருவிழாவில் ஆடல் பாடல் நிகழ்ச்சி நடந்தது. மேடைக்கு முன்னால் ஆடும்போது ஒருவன் மேல் ஒருவன் இடித்ததில் ஆரம்பித்த வாய்த்தகராறு, இரண்டு பக்கமும் போன் போட்டு ஆள் கூப்பிட்டு, கொஞ்ச நேரத்தில் பெரிய அடிதடி ஆகிவிட்டது. எதிர்ப்பக்கத்துப் பையன் ஒருவனுக்குப் பந்தலில் இருந்து உருவிய சவுக்குக் கட்டையால் தலையில் அடி. ஒரு வாரம் போல ஐசியூவில் கிடந்து இறந்துபோனான். 24 வயது. அந்த வீட்டை நினைத்தால் எங்களுக்கும் சோறு இறங்கவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எஃப்ஐஆரில் ஒன்பது பேர் பெயர் இருக்கிறது, அப்புறம் "மற்றும் சிலர்". என் அக்கா மகன் ஏ7, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஏழாவது. வயது 19. நண்பன் கூப்பிட்டான் என்று பைக்கில் போயிருக்கிறான், அங்கே நின்றிருக்கிறான், கையில் எதுவும் இல்லை, யாரையும் தொடவில்லை என்கிறான். கட்டையால் அடித்தது ஏ1 தான் என்று சாட்சிகளே சொல்லியிருக்கிறார்கள். முதலில் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐபிசிக்குப் பதில் வந்த சட்டம்) 191(2), 191(3) (கலகம்), 296(பி) (ஆபாசப் பேச்சு), 118(1) (ஆயுதத்தால் காயம்), 109 (கொலை முயற்சி) என்று போட்டிருந்தார்கள். பையன் இறந்ததும் 109-ஐ எடுத்துவிட்டு 103(1) (கொலை) உடன் 190 என்று மாற்றிவிட்டார்கள். சார்ஜ் ஷீட் நகல் கைக்கு வந்துவிட்டது, வழக்கு செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போய்விட்டது. எங்கள் பையன் இப்போது கண்டிஷன் பெயிலில் தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறான்.

ஒருவன் அடித்ததற்கு ஒன்பது பேரும் எப்படிக் கொலைகாரர்கள்? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தென்திசை:
நான் செஷன்ஸ் பக்கம் வழக்கு நடத்துகிறவன், இரண்டு தரப்புக்கும் ஆஜராகியிருக்கிறேன். ஆறுதலுக்காக எதையும் குறைத்துச் சொல்லப் போவதில்லை.

கூட்டத்தில் ஒருவர் இறந்தால் ஒருவன் மேல் பொறுப்பு வர மூன்று வழி இருக்கிறது. ஒன்று, அவனே செய்த செயல். அடித்தவன் அடித்ததற்குப் பதில் சொல்ல வேண்டும், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. இரண்டாவது, பழைய ஐபிசி 34, இப்போது 3(5). இரண்டு பேர் இருந்தாலே போதும், ஆனால் இருவருக்கும் ஒரே உட்கருத்து இருந்து, அதை நிறைவேற்றுவதற்காகச் செய்த செயலாக இருக்க வேண்டும். மூன்றாவது பழைய 149, இப்போதைய 190. உங்கள் பையனை மாட்டியிருப்பது இதில்தான். ஐந்து பேரோ அதற்கு மேலோ சட்டவிரோத நோக்கத்தோடு கூடியிருந்தால், அந்த நோக்கத்துக்காக அவர்களில் ஒருவன் செய்த குற்றத்துக்கு அத்தனை பேரும் பொறுப்பு. நோக்கத்துக்காகச் செய்தது என்று காட்ட முடியாவிட்டாலும், இப்படி ஒன்று நடக்கலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தாலே போதும். இந்த இரண்டாவது பாதிதான் ஆபத்து. கை ஓங்கியிருக்க வேண்டும் என்ற அவசியமே அதில் இல்லை.

"எங்கள் பையன் யாரையும் அடிக்கவில்லை" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு 190-இல் இருந்து வெளியே வர முடியாது. 1964 மசால்தி தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது, ஒவ்வொருவனும் என்ன செய்தான் என்று தனித்தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் அதே தீர்ப்பில் உங்களுக்கு உதவும் பகுதியும் இருக்கிறது. வேடிக்கை பார்க்க வந்து நின்றவன் அந்தக் கூட்டத்தின் உறுப்பினன் ஆகமாட்டான். அப்புறம், பெரிய கூட்டம் சம்பந்தப்பட்ட வழக்கில் ஒரே ஒரு சாட்சி "இவனும் இருந்தான்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னதை வைத்துத் தண்டிப்பது பாதுகாப்பல்ல, இரண்டு மூன்று சாட்சிகளாவது முரணில்லாமல் சொல்கிறார்களா என்று பார்ப்பது நல்லது என்றார்கள்.

ஆக உங்கள் வழக்கில் கேள்வி "அடித்தானா" இல்லை. அவன் ஏன் போனான், யாருடன் போனான், கட்டையை உருவும்போது எங்கே நின்றான், அதற்குப் பிறகும் நின்றானா. இவற்றுக்கு சாட்சிகளின் வாக்குமூலத்தில் என்ன பதில் இருக்கிறது என்று வரி வரியாகப் பாருங்கள்.

மூன்றாம் ஆண்டு சட்டம்:
சார், 34 பற்றி ஒன்று சேர்க்கிறேன். கல்கத்தாவில் 1923 ஆகஸ்டில் சங்கரிடோலா தபால் அலுவலகத்தில் புகுந்து பணம் கேட்டு, தபால் அலுவலரைச் சுட்டுக் கொன்ற வழக்கு. பரேந்திர குமார் கோஷ் "நான் வெளியே முற்றத்தில்தான் நின்றேன், பயந்துபோய் நின்றேன்" என்றார். பிரிவி கவுன்சில் (அன்றைக்கு லண்டனில் இருந்த இறுதி அப்பீல் நீதிமன்றம்) 1924-இல் அதை ஏற்கவில்லை, வெளியே காவல் நிற்பதும் அந்தச் செயலில் பங்குதான் என்று சொல்லிவிட்டது.

ஆனால் 1945-இல் அதே பிரிவி கவுன்சில் மஹ்பூப் ஷா வழக்கில் வேறு முடிவுக்கு வந்தது. சிந்து நதிக்கரையில் நாணல் வெட்டி எடுத்துப் போனதில் தகராறு. சத்தம் கேட்டு இரண்டு பேர் துப்பாக்கியோடு ஓடி வருகிறார்கள், ஒருவர் சுட்டதில் ஒருவர் இறக்கிறார், மஹ்பூப் ஷா சுட்டதில் இன்னொருவருக்குக் காயம். இருவருமே உறவினரைக் காப்பாற்ற ஓடி வந்தவர்கள், ஒரே மாதிரி எண்ணம் இருவருக்கும் இருந்திருக்கலாம், ஆனால் சேர்ந்து போட்ட திட்டம் என்று எதுவும் இல்லை என்று கொலைத் தண்டனையை ரத்து செய்தார்கள். ஒரே மாதிரி நினைப்பதும் சேர்ந்து தீர்மானிப்பதும் வேறு வேறு.

பழைய ரைட்டர்:
நான் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த மாதிரி வழக்கில் எஃப்ஐஆர் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டால் உங்களுக்கு உதவும்.

அடிபட்டவனை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். அங்கே டியூட்டி டாக்டர் ஏஆர் போடுவார், விபத்துப் பதிவேடு. அதில் முதல் வரியிலேயே "தெரிந்த மூன்று நபர்களால் இன்ன இடத்தில் இன்ன நேரத்தில் கட்டையால் தாக்கப்பட்டதாக" என்று எழுதுவார். அடிபட்டவன் நினைவோடு இருந்தால் அவன் சொன்னது, இல்லையென்றால் கூட வந்தவன் சொன்னது. இதுதான் சம்பவத்துக்கு மிக அருகில் எழுதப்படும் காகிதம். யாரும் உட்கார்ந்து யோசித்து எழுதாத காகிதம்.

அதற்கப்புறம் ஸ்டேஷனுக்குப் புகார் வரும்போது நேரம் கடந்திருக்கும். சொந்தக்காரர்கள், ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் கூடியிருப்பார்கள். மூன்று பேர் ஒன்பது பேர் ஆவது அந்த இடைவெளியில்தான். நிலத்தகராறு இருந்த பங்காளி, பழைய கடன் பகை, தேர்தலில் எதிர்த்து நின்றவன் மகன், இவர்கள் எல்லாம் உள்ளே வருவார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று வருகிறவர்கள் குறைவு. ஆத்திரத்தில் "அவனும் இருந்திருப்பான்" என்று நம்பியே சொல்வார்கள். எழுதுகிறவன் புகாரில் வந்ததைத்தான் எழுத முடியும்.

ஐந்து என்ற எண்ணிக்கையும் முக்கியம். ஐந்து பேருக்குக் குறைந்தால் 190 வராது. அதனாலும் பட்டியல் நீளும்.

எனவே ஏஆர் காப்பியில் எத்தனை பேர் என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சார்ஜ் ஷீட் ஆவணங்களோடு வந்திருக்க வேண்டும். அதோடு எஃப்ஐஆர் மாஜிஸ்திரேட் கைக்குப் போன தேதி, நேரம் பாருங்கள், மாஜிஸ்திரேட் கையெழுத்துக்குக் கீழே எழுதியிருப்பார். தாமதமாகப் போயிருந்தால் ஏன் என்று அரசுத் தரப்புதான் சொல்ல வேண்டும்.

நிலாவெளி:
இந்த இழையைப் படித்துவிட்டு எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். என் தம்பி இப்படி ஒரு கூட்ட அடிதடியில்தான் இறந்தான். நான் மறுபக்கத்தில் இருப்பவள்.

செம்மண் அண்ணே, உங்கள் அக்கா மகன் சும்மா நின்றான் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் சும்மா நின்றவர்கள் சுற்றி நின்றதால்தான் என் தம்பியால் ஓட முடியவில்லை. அடித்தது ஒருவன், வழியை மறித்தது நாலு பேர். அந்த நாலு பேரும் பிறகு "நாங்கள் தொடவே இல்லை" என்றுதான் சொன்னார்கள். தொடவில்லை என்பது உண்மையும்கூட. அதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் ரைட்டர் ஐயா சொன்னதையும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் வீட்டில் அன்று ராத்திரி புகார் எழுதும்போது சித்தப்பாவும் மாமாவும் சேர்ந்து பெயர்களைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். அந்த நேரத்தில் திருப்பூரில் வேலையில் இருந்த ஒருவன் பெயரும் அதில் ஏறியது. அவன் கம்பெனி வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டினான். அதோடு சாட்சிகள் எல்லோர் பேச்சின் மேலும் சந்தேகம் வந்துவிட்டது. பார்த்த இரண்டு பேர் பிறழ்சாட்சி ஆனார்கள். கடைசியில் எல்லோரும் விடுதலை, அடித்தவனும் சேர்த்து. தீர்ப்பு வாசித்த அன்று அம்மா கோர்ட் வாசலில் உட்கார்ந்துவிட்டாள், எழுந்திருக்க மாட்டேன் என்றாள்.

இறந்தவன் வீட்டுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்கள் கண்ணால் பார்த்த பெயரை மட்டும் சொல்லுங்கள். ஒரு பெயர் கூடுதலாகப் போனால் அது குற்றவாளிக்குத்தான் உதவும். இன்னொன்று, விடுதலை ஆகிவிட்டால் அரசு அப்பீல் போடும் என்று காத்திருக்காதீர்கள். பாதிக்கப்பட்ட குடும்பமே அப்பீல் போடலாம், 2009 கடைசியில் இருந்தே அந்த உரிமை இருக்கிறது. எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

செம்மண்:
சகோதரி, நீங்கள் எழுதியதைப் பையனிடமும் படித்துக் காட்டினேன். "நீ எங்கே நின்றாய், யாராவது ஓட முயன்றார்களா" என்று முதல் முறையாக அவனிடம் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். ஜெனரேட்டர் பக்கம் நின்றதாகவும், கட்டையால் அடித்த சத்தம் கேட்டதும் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டதாகவும் சொல்கிறான். நான் நம்புகிறேன், ஆனால் கோர்ட் நம்ப வேண்டுமே.

தென்திசை சார், இன்னும் இரண்டு சந்தேகம். அடிபட்ட பையன் ஒரு வாரம் உயிரோடு இருந்தான். முதலில் போன ஆஸ்பத்திரியில் ஸ்கேன் இல்லை, மாற்றி அனுப்பியதில் நேரம் போய்விட்டது என்கிறார்கள். அப்படியென்றால் அடியால் இறந்தான் என்று சொல்ல முடியுமா? இரண்டாவது, எங்கள் பக்கமும் ஏ2, ஏ5 இருவருக்கும் தலையில் தையல். எதிர்த்தரப்பு மேல் ஒரு கவுன்ட்டர் கேஸும் பதிவாகியிருக்கிறது. அது எதற்காவது உதவுமா?

தென்திசை:
சிகிச்சை வாதத்தை மறந்துவிடுங்கள். நல்ல சிகிச்சை கிடைத்திருந்தால் பிழைத்திருப்பான் என்பது தற்காப்பு ஆகாது என்று சட்டத்திலேயே விளக்கம் எழுதிவைத்திருக்கிறார்கள், பழைய 299-இலும் உண்டு, இப்போதைய 100-இலும் உண்டு. காயத்தால் மரணம் என்றால் காயத்தை உண்டாக்கியவன் பொறுப்புதான்.

ஆனால் மரணத்தின் காரணமே வேறாக இருந்தால் கதை மாறும். நவ்ஜோத் சிங் சித்து வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1988 டிசம்பர் 27, பாட்டியாலாவில் வண்டி நிறுத்தியதில் தகராறு, 65 வயதுக்காரர் ஒருவரைக் கையால் அடித்தார், அவர் இறந்துவிட்டார். இதயக் கோளாறா தலைக்குள் ரத்தக் கசிவா என்பதில் டாக்டர்களின் கருத்து தெளிவாக இல்லை. விசாரணை நீதிமன்றம் 1999-இல் விடுதலை செய்தது. உயர் நீதிமன்றம் 2006-இல் 304 இரண்டாம் பகுதியில் (கொலை ஆகாத மரணம்) மூன்று ஆண்டு கொடுத்தது. உச்ச நீதிமன்றம் 2018-இல் அதை வெறும் 323 (சாதாரணக் காயம்) ஆக்கி ஆயிரம் ரூபாய் அபராதம் விதித்தது, கூட இருந்த நண்பரை முழுவதுமாக விட்டுவிட்டது. பிறகு குடும்பம் சீராய்வு மனு போட்டு, 2022 மே மாதம் ஓர் ஆண்டு கடுங்காவல் ஆனது. ஒரே சம்பவம், ஒரே அடி, 33 ஆண்டுகளில் நாலு விதமான முடிவு. பிரேதப் பரிசோதனை அறிக்கை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம். உங்கள் வழக்கில் மண்டை ஓடு உடைந்திருக்கிறது என்றால் அந்தக் கதவு மூடியதுதான்.

அடுத்து, இது கொலையா, கொலை ஆகாத மரணமா. 1958 விர்சா சிங் தீர்ப்பை எல்லாக் கோர்ட்டிலும் எடுத்துக் காட்டுவார்கள். வயிற்றில் ஒரே ஒரு ஈட்டிக்குத்து. கொல்ல நினைத்தானா என்பது கேள்வி இல்லை, அந்தக் காயத்தை உண்டாக்க நினைத்தானா, அந்தக் காயம் இயல்பாக மரணத்துக்குப் போதுமானதா, இரண்டுக்கும் ஆம் என்றால் கொலை. அதே வழக்கில் அவரோடு இன்னும் ஐந்து பேர் குற்றம் சாட்டப்பட்டிருந்தார்கள், அந்த ஐந்து பேரும் கடைசியில் உயர் நீதிமன்றத்தில் விடுதலை ஆனார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

மறுபக்கம் 1955 ஸ்லேனி வழக்கு. சண்டையில் ஹாக்கி மட்டையால் தலையில் ஓர் அடி, பத்து நாள் கழித்து மரணம். உச்ச நீதிமன்றம் கொலையை எடுத்துவிட்டு 304 இரண்டாம் பகுதியில் ஐந்தாண்டு கொடுத்தது. உங்கள் சம்பவத்துக்கு நெருக்கமானது இதுதான். கையோடு ஆயுதம் கொண்டுபோகவில்லை, பந்தலில் உருவிய கட்டை, ஓர் அடி. திட்டமிடாமல் திடீரென்று மூண்ட சண்டை, கோபம் தணியாத நிலை, கொடூரமாகவோ எதிராளியின் பலவீனத்தைப் பயன்படுத்தியோ செய்யவில்லை என்று காட்டினால் கொலைப் பிரிவின் நான்காவது விதிவிலக்கு வரும். 103 இறங்கி 105 (கொலை ஆகாத மரணம்) ஆகும். யார் முதலில் ஆரம்பித்தது என்பதற்கு அங்கே முக்கியத்துவம் இல்லை. ஆனால் போன் போட்டு ஆள் வரவழைத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, "திடீர்" என்பதற்கு அது பெரிய இடைஞ்சல். கூப்பிட்டதற்கும் அடி விழுந்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்பதை அரசு வழக்கறிஞர் நிச்சயம் பிடித்துக்கொள்வார்.

கவுன்ட்டர் கேஸ் உதவும். இரண்டு பக்கமும் சண்டைக்குத் தயாராக இறங்கி மோதிக்கொண்டார்கள் என்றால், பொது நோக்கம் என்று ஒன்றைச் சொல்ல முடியாது, அவரவர் செய்ததற்கு அவரவர் பொறுப்பு என்று 1954 கஜானந்த் வழக்கில் இருந்து பல தீர்ப்புகள் உண்டு. ஏ2, ஏ5 காயத்துக்கு அரசுத் தரப்பு விளக்கமே சொல்லாவிட்டால் அவர்கள் சம்பவத்தின் ஒரு பகுதியை மறைக்கிறார்கள் என்று வாதிடலாம், 1976 லட்சுமி சிங் தீர்ப்பு. இரண்டு வழக்கையும் ஒரே நீதிபதி அடுத்தடுத்து விசாரிக்க வேண்டும் என்று கேட்டு மனுப் போடுங்கள்.

கரைமேடு:
எல்லோரும் பையனை எப்படிக் காப்பாற்றுவது என்றே பேசுகிறீர்கள். நான் வேறு மாதிரி நினைக்கிறேன். ஆள் கூப்பிட்டால் போவது, பைக்கில் மூன்று பேர் ஏறிப் போவது, பத்துப் பேரைப் பின்னால் பார்த்ததும் முன்னால் நிற்பவனுக்குத் துணிச்சல் வருவது, இதுதான் ஒவ்வொரு திருவிழாவிலும் நடக்கிறது. பின்னால் யாரும் இல்லாவிட்டால் ஏ1 கட்டையை எடுத்திருப்பானா? போனவன் எல்லோருக்கும் ஆயுள் தண்டனை என்று ஊருக்குத் தெரிந்தால்தான் அடுத்த முறை போன் வரும்போது போகமாட்டான்.

ஃபிராங்க்ஃபர்ட் குளிர்:
கரைமேடு சொல்வதில் முதல் பாதி சரி. போனதே தப்பு, அதற்குத் தண்டனை வேண்டும். ஆனால் அந்தத் தப்புக்கு ஆயுள் தண்டனையா?

நான் இருக்கும் ஜெர்மனியில் இதற்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள், குற்றவியல் சட்டம் 231. ஒரு கைகலப்பிலோ பலர் சேர்ந்து தாக்கியதிலோ பங்கெடுத்து, அதனால் ஒருவர் இறந்தாலோ கொடுங்காயம் பட்டாலோ, பங்கெடுத்ததற்காக மட்டுமே மூன்று ஆண்டு வரை சிறை அல்லது அபராதம். இறந்தது யாருடைய அடியால் என்று நிரூபிக்க வேண்டியதே இல்லை. தற்காத்துக்கொள்ள மட்டும் கை ஓங்கியவன், தன் தவறு இல்லாமல் மாட்டிக்கொண்டவன் இதில் வரமாட்டான். உயிரைப் பறித்த அடியைக் கொடுத்தவன் அதற்குரிய பெரிய தண்டனையைத் தனியாக வாங்குவான்.

இந்தியாவில் நடுவில் எதுவும் இல்லை. பொது இடத்தில் சச்சரவு என்றால் 194, ஒரு மாதம் அல்லது ஆயிரம் ரூபாய். கலகம் என்றால் இரண்டு ஆண்டு, பயங்கர ஆயுதம் இருந்தால் ஐந்து. அதற்கு மேலே ஒரே தாவலாக 190 வழியாக ஆயுள். நீதிபதிக்கு முன்னால் இருப்பது இந்த இரண்டு முனைகள்தான். ஆயுள் கொடுக்க மனம் வராதபோது, நின்றவன் ஒன்றுமில்லாமல் வீட்டுக்குப் போகிறான். நிலாவெளி அக்காவின் தம்பியை மறித்து நின்றவர்களுக்கு மூன்று ஆண்டாவது உறுதியாகக் கிடைத்திருந்தால் அது பரவாயில்லையே.

மூன்றாம் ஆண்டு சட்டம்:
இங்கிலாந்திலும் இதே சண்டை நடந்தது. கூட்டாளி கொல்லக்கூடும் என்று முன்கூட்டியே தோன்றியிருந்தாலே போதும், நீயும் கொலைகாரன் என்ற நிலை அங்கே 1984 முதல் இருந்தது. 2016 பிப்ரவரியில் ஜோகீ வழக்கில் உச்ச நீதிமன்றம் அது தவறான பாதை என்று திருத்தியது. முன்கூட்டியே தோன்றியது ஒரு சாட்சியம் மட்டும்தான், உதவும் எண்ணமோ தூண்டும் எண்ணமோ இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். நம்மிடம் "தெரிந்திருந்தால் போதும்" என்பது பிரிவிலேயே எழுதியிருப்பதால் நீதிமன்றம் அப்படித் திருப்ப முடியாது, நாடாளுமன்றம்தான் மாற்ற வேண்டும். 2023-இல் புதிய சட்டம் எழுதியபோது அந்த வாய்ப்பு இருந்தது, 149-ஐ அப்படியே 190 ஆக இறக்கிவிட்டார்கள். புதிதாகச் சேர்த்தது 103(2). ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து சாதி, இனம், மொழி போன்ற காரணத்துக்காகக் கொன்றால் ஒவ்வொருவருக்கும் மரணம் அல்லது ஆயுள்.

செம்மண் சார், ஒன்பது பேரில் 18 வயது ஆகாதவர் யாராவது இருக்கிறாரா?

செம்மண்:
ஏ9-க்கு 17 வயது. பள்ளிக்கூடத்து மாற்றுச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள், அவன் வழக்கைப் பிரித்து இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் ஆண்டு சட்டம்:
அப்படியென்றால் 103-ஆ 105-ஆ என்பது அவனுக்கு இன்னும் முக்கியம். 16 முதல் 18 வயது வரை உள்ளவரைப் பெரியவர் போல விசாரிக்கலாமா என்ற முதற்கட்ட மதிப்பீடு, குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டாக இருக்கும் கொடுங்குற்றங்களுக்கு மட்டும்தான். 103 அதில் வரும். 105-இல் குறைந்தபட்சம் ஏழு ஆண்டு என்று இல்லை, எனவே வராது. 2020-இல் உச்ச நீதிமன்றம் இதை முடிவு செய்திருக்கிறது, அந்த வழக்கும் 304-தான்.

பழைய ரைட்டர்:
போன் விஷயம் சொல்ல மறந்தேன். பையன் போனில் அன்றைய வீடியோவோ வாட்ஸப் குரூப் மெசேஜோ இருந்தால் எதையும் அழிக்க விடாதீர்கள். அழித்தால் ஆதாரத்தை மறைத்ததாக 238-உம் சேரும், அதோடு உண்மையாகவே உதவக்கூடிய ஒன்று போய்விடும். "எல்லாரும் வாங்கடா, இன்னைக்கு பாத்துடலாம்" என்று குரூப்பில் ஒருவன் போட்டு, இவன் கட்டைவிரல் காட்டிவிட்டுக் கிளம்பியிருந்தால் பொது நோக்கத்துக்கு அது போதுமான சான்றாகிவிடும். மாறாக "சண்டையாம், வந்து என்னைக் கூட்டிட்டுப் போ" என்று நண்பன் கூப்பிட்டிருந்தால் போனதற்கான காரணமே மாறிவிடுகிறது. யார் கூப்பிட்டது, எத்தனை மணிக்கு, என்ன சொன்னான் என்பதைத் தேடுங்கள். மேடை நிகழ்ச்சியை ஊர்க்காரர்கள் பலர் படம் எடுத்திருப்பார்கள், ஜெனரேட்டர் பக்கம் யாராவது எடுத்தார்களா என்று விசாரியுங்கள். கோர்ட்டில் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டம் 63-இன்படி சான்றிதழும் வேண்டும், காப்பி பண்ணிய பென்டிரைவை மட்டும் நீட்டினால் ஏற்கமாட்டார்கள்.

நிலாவெளி:
ஃபிராங்க்ஃபர்ட் தம்பி சொன்ன ஜெர்மனிச் சட்டத்தை நான் வரவேற்கிறேன். மறித்து நின்றவர்களுக்கு ஆயுள் வேண்டும் என்று நானும் முதலில் கேட்டவள்தான். இப்போது எனக்கு வேண்டியது, அவர்கள் அங்கே இருந்தார்கள், அவர்கள் இருந்ததால்தான் நடந்தது என்று ஒரு நீதிபதி எழுதியிருக்க வேண்டும். அதை எழுதக்கூட எங்கள் தீர்ப்பில் இடமில்லாமல் போய்விட்டது. கரைமேடு, எல்லோருக்கும் ஆயுள் என்று கேட்டுக் கேட்டுத்தான் எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

செம்மண்:
சார்ஜ் ஷீட் கட்டில் தேடி ஏஆர் காப்பியை எடுத்துவிட்டோம். ரைட்டர் ஐயா சொன்னது போலவே முதல் வரி, "தெரிந்த நான்கு நபர்களால் கட்டை மற்றும் கைகளால்" என்று இருக்கிறது. கூட வந்த அவன் அண்ணன் சொன்னதாக எழுதியிருக்கிறார்கள். புகார் கொடுத்ததும் அதே அண்ணன்தான், அதில்தான் ஒன்பது பேர். என் அக்கா மகன் பெயரை மூன்று சாட்சிகள் சொல்கிறார்கள். இரண்டு பேர் "ஏ6 முதல் ஏ9 வரை உடன் இருந்தார்கள்" என்று ஒரே வாக்கியம். ஒருவர் மட்டும் "சுற்றி நின்று தப்பவிடாமல் தடுத்தார்கள்" என்கிறார். போனில் கூப்பிட்டது ஏ4, மெசேஜ் எதுவும் இல்லை, கால் மட்டும்தான்.

தென்திசை:
அந்த மூன்றாவது சாட்சிதான் உங்கள் வழக்கு. அவர் போலீசில் மட்டும் சொன்னாரா, மாஜிஸ்திரேட் முன்னால் 183 வாக்குமூலமும் கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். ஸ்பாட் வரைபடத்தில் ஜெனரேட்டர் எங்கே, அடி விழுந்த இடம் எங்கே, நடுவில் எவ்வளவு தூரம், வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்றும் பாருங்கள்.

நான்கு பேர் என்ற அந்த வரி பெரிய ஆயுதம். ஆனால் அதை வைத்து வழக்கே முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த அண்ணன் எண்ணிக்கொண்டா இருந்திருப்பான் என்று அரசுத் தரப்பு கேட்கும், அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. குறுக்கு விசாரணையில் அந்த அண்ணனை மரியாதையாகக் கேளுங்கள் என்று உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள். தம்பியை இழந்தவர் அவர்.

கமிட்டல் ஆர்டர் தேதி என்ன? விடுவிப்பு மனு (விசாரணை தொடங்கும் முன்பே வழக்கில் இருந்து விடுவிக்கக் கேட்பது) போட வழக்கு செஷன்ஸுக்கு ஒப்படைக்கப்பட்ட நாளில் இருந்து 60 நாள்தான் என்று புதிய நடைமுறைச் சட்டம் 250-இல் எழுதிவிட்டார்கள், பழைய 227-இல் அந்தக் கெடு கிடையாது, பல பேர் இன்னும் பழைய நினைப்பில் இருக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் உங்கள் தரப்பு ஆவணம் எதையும் பார்க்கமாட்டார்கள், அரசுத் தரப்புக் கட்டில் உள்ளதை மட்டும்தான் பார்ப்பார்கள். ஏஆர் காப்பி அந்தக் கட்டிலேயே இருப்பதால் அதைக் காட்டலாம். மூன்றாவது சாட்சி இருப்பதால் மனு தள்ளுபடி ஆகவும் வாய்ப்பு அதிகம், அப்படி ஆனால் 103-உடன் 190 என்பதற்குப் பதில் குறைந்த பிரிவில் குற்றச்சாட்டு வனைய வேண்டும் என்று மாற்றாகக் கேட்டுவையுங்கள்.

செம்மண்:
கமிட்டல் ஆகி ஒரு மாதம் தாண்டிவிட்டது சார். நாளைக்கே வக்கீலைப் பார்க்கிறேன்.